பலூனும் புல்லட்டும் பிறந்த சாலை

1946இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகைக்குள் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார் கே. எம். மம்மன் மாப்பிள்ளை. நொடித்துப்போன குடும்பம் அது. அப்பா கே. சி. மம்மன் மாப்பிள்ளை, மலையாள மனோரமா பத்திரிகையின் ஆசிரியர். திருவிதாங்கூர் திவான் சி. பி. ராமசாமி ஐயரோடு மோதியதில் 1938இல் குடும்பத்து வங்கி மூடப்பட்டது, பத்திரிகைக்குப் பூட்டு விழுந்தது, அவரும் சிறைக்குப் போனார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த மகன், படிப்பை முடித்தபின் செய்த வேலைதான் இந்தப் பலூன். ரப்பர்ப் பாலில் அச்சை முக்கி எடுத்து, காயவைத்து, சூடேற்றி, உரித்தெடுக்க வேண்டும். விற்பதும் அவரே. பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். அந்தக் கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது.

சென்னையில் புதுத்தொழில், ஸ்டார்ட்அப், தொழில்நுட்பம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் விரல் தெற்கே நீள்கிறது. தரமணி, டைடல் பார்க், பழைய மகாபலிபுரம் சாலை. அந்தச் சாலையின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. என் உறவுக்காரப் பிள்ளைகளே அங்கேதான் வேலை செய்கிறார்கள். ஆனால் டைடல் பார்க் திறந்தது 2000இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் எங்கள் சாலையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் தொழில் தொடங்கி, ஒருவரிடம் ஒருவர் கற்று, ஒருவருக்கொருவர் ஆர்டர் கொடுத்து வாழ்ந்த ஒரு கூட்டம் இருந்தது. அதன் வரலாறு எங்கேயும் சரியாக எழுதப்படவில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆற்றாமை. பெரிய கம்பெனிகள் தங்கள் கதையைத் தாங்களே அச்சிட்டுக்கொள்கின்றன. அவற்றின் மதிலுக்கு வெளியே இருந்த பட்டறைகளுக்கு அப்படி அச்சிட ஆளில்லை.

நான் திருவொற்றியூர்க்காரன். ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு படித்து, 1970களில் இதே சாலையில் ஒரு பெரிய ஆலையின் டூல் ரூமில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். பிறகு காலடிப்பேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்தேன். அதனால் கூடுமானவரை மதிலுக்கு வெளியிலிருந்தே இதைச் சொல்கிறேன்.

ஏன் இந்த ஊரில்? துறைமுகம்தான் முதல் காரணம். செயற்கைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். 1881இல் புயல் அதை உடைத்துப்போட்டது. பிறகு சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகப் பொறுப்பில் இருந்த காலத்தில் வாசலை வடகிழக்கே திருப்பிச் சரிசெய்தார்கள். அதற்கும் முன்னாலேயே, 1856 ஜூலை 1ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பிவிட்டது. எண்ணூருக்கு 1806லேயே காக்ரேன் கால்வாய் வெட்டியாகிவிட்டது. பக்கிங்காம் கால்வாய் என்று நாம் சொல்வது அதன் நீட்சிதான். கடல், ரயில், கால்வாய் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க, உப்பளத்தை ஒட்டிய மணல் நிலமும் மலிவாகக் கிடைத்தது. தொழில் வந்து உட்கார இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இடம் மட்டும் போதுமென்றால் எல்லாத் துறைமுகத்துப் பின்னாலும் பட்டறைகள் பெருகியிருக்க வேண்டும். கைத்தொழில்காரர்கள் இங்கே முன்பே இருந்தார்கள். நான் பட்டறை வைத்த காலடிப்பேட்டையே, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. தறியும் வீடும் ஒன்றாக இருந்த தெருக்கள் அவை. பின்னால் லேத்தும் வீடும் ஒன்றாக இருந்தபோது அந்தத் தெருக்களுக்கு அது புதிதாகப் படவில்லை. 1920களில் சுவீடன்காரர்கள் இந்தியாவுக்கு வந்து தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனியான விம்கோ, இங்கும் ஓர் ஆலை போட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் மாதச் சம்பளம் என்பதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். ஆலையின் பெயரே ஊருக்கும் ஆகி, இன்றைக்கு மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் ஆகிவிட்டது.

மம்மன் மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். பலூனோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. 1952 வாக்கில் அவர் டிரெட் ரப்பருக்குத் திரும்பினார். லாரி டயர் தேய்ந்துவிட்டால் அதன் மேல்தோலைச் சுரண்டி, சொல்யூஷன் தடவி, புது ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, அச்சுக்குள் வைத்து வேகவைப்பார்கள். அப்படிச் சுற்றுகிற பட்டைதான் டிரெட் ரப்பர். வெளிநாட்டுக் கம்பெனிகள் அதை இங்கே விற்றுவந்தன. டயர் ரீட்ரெடிங் செய்துவந்த உறவினர் ஒருவருக்குக் கிடைத்த சரக்கு தரமாக இல்லை என்பதைக் கவனித்ததிலிருந்து அவருக்கு இந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். நான்கைந்து ஆண்டுக்குள் இந்தச் சந்தையில் பாதி அவர் கைக்கு வந்துவிட்டது. 1960இல் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி லிமிடெட் என்று பதிவுசெய்து, அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்த மான்ஸ்ஃபீல்டு டயர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, 1961இல் முழு டயரையே வார்த்தார்கள். 1967இல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் டயரில் இல்லை, டிரெட் ரப்பரில்தான் இருக்கிறது. பலூன் செய்யும் கைக்கு ரப்பர் எந்தச் சூட்டில் எத்தனை நேரத்தில் பதமாகும் என்று தெரிந்திருந்தது. அந்த அறிவு பொம்மையிலிருந்து லாரிக்கு மாறியது. பெரிய தொழில் பெரிய யோசனையிலிருந்து வரும் என்று நினைக்கிறோம். திருவொற்றியூரில் அது கையில் ஏற்கெனவே இருந்த சின்னப் பதத்திலிருந்து வந்தது.

அந்தப் பதமும் மதிலுக்கு வெளியே கசிந்தது. ரப்பர் புஷ், வாஷர், ஆயில் சீல் செய்கிற சின்னப் பட்டறைகள் சந்துகளில் வந்தன. அச்சிலிருந்து எடுத்த ரப்பர்த் துண்டின் ஓரத்தில் பிசிறு இருக்கும். அதை வெட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை. மூட்டையாகக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டிவிட்டுப் போவார்கள். சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, எண்ணி, மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் மனைவியும் அவளுடைய அம்மாவும் இதைச் செய்தவர்கள். எந்தக் கம்பெனியின் சம்பளப் பதிவேட்டிலும் இவர்கள் பெயர் இல்லை. இவர்கள் பிசிறு வெட்டிய புஷ் பொருத்திய லாரிகள் நாடு முழுக்க ஓடின. இந்தத் தொழில் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் முன்வரிசை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எண்ணூர்ப் பக்கம் கதை வேறு விதமாகத் தொடங்கியது. டெல்லியில் ஆஸ்டின் கார் வியாபாரம் செய்துவந்த ரகுநந்தன் சரண், நேரு வற்புறுத்தியதன் பேரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். மகன் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்டின் ஏ40 கார்கள் பிரித்த நிலையில் பெட்டிகளில் கப்பலேறி வரும். எண்ணூரில் முடுக்கிக் காராக்குவார்கள். பிறகு லேலண்டின் காமெட் வண்டிகள் வந்தன. இங்கே பூட்டிய முதல் நான்கு காமெட் டிப்பர்கள் 1951இல் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. 1955இல் கம்பெனியின் பெயரும் அசோக் லேலண்ட் ஆனது. அதைப் பார்க்கச் சரண் இல்லை. அதற்கு முன்பே இறந்துபோனார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் நைனா அந்தப் பெட்டிகளைப் பற்றி நிறையச் சொல்வார். பைன் மரப் பலகை, நல்ல வாசம். உடைத்த பெட்டியின் பலகை எங்கள் வீட்டில் அலமாரியாக நின்றது. அதில் ஆங்கில எழுத்துகள் பாதி பாதியாக இருக்கும். அவற்றைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

பெட்டியைத் திறந்து முடுக்குவதோடு போயிருந்தால் எங்களுக்கெல்லாம் வேலை வந்திருக்காது. திருப்பம் டெல்லியிலிருந்து வந்தது. 1953இல் சுங்கவரி ஆணையம் ஆய்ந்து பரிந்துரைத்ததை அரசு ஏற்றது. வண்டியை இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இடம், வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை என்பதுதான் அதன் சாரம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுப் போயின. எங்கள் சாலையில் இருந்தவர்கள் தங்கினார்கள், தங்கியதால் உள்ளூரில் உதிரிபாகம் தேட வேண்டிவந்தது. பிஸ்டன், சக்கரம், பிரேக், மின்சாதனம் எல்லாவற்றுக்கும் நகரத்தின் வடக்கு, மேற்கு விளிம்பில் ஆலைகள் எழுந்தன. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949லேயே வந்திருந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா மூன்றும் 1960ஐ ஒட்டி வந்தன. எண்ணூரிலேயே வார்ப்புக்கு எண்ணூர் ஃபவுண்டரீஸ் எழுந்தது. திருவொற்றியூரில் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், சாணைக்கல் செய்தது. சாணைக்கல் இல்லாமல் லேத்தின் வெட்டுமுனையான பைட்டைத் தீட்ட முடியாது, பைட் இல்லாமல் லேத் ஓடாது. அந்தக் கல் எங்கள் சாலையிலேயே செய்யப்பட்டது என்பது வெளியாட்களுக்குச் சின்ன விஷயம். எங்களுக்கு அது பெரிய பலம்.

இனி புல்லட். மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து மோட்டார் சைக்கிள்களை வரவழைத்து விற்ற கம்பெனி. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக ராணுவம் 350 சிசி புல்லட் 800 வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தது. அந்த ஆர்டரை நம்பி இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியா பிறந்தது. ஆலை திருவொற்றியூரில். முதலில் பூட்டுவது மட்டும். 1957இல் அச்சுகளையும் கருவிகளையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1962 வாக்கில் வண்டி முழுக்க இங்கேயே ஆனது.

ரெட்டிச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஊசி செய்யும் ஊர். ராயல் என்ஃபீல்டின் வேரே 1851இல் தொடங்கிய ஜார்ஜ் டவுன்சென்டின் ஊசித் தொழில்தான். ஊசியிலிருந்து சைக்கிள், சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள் என்று அந்த ஊர் நடந்து வந்தது. பலூனிலிருந்து டயருக்குப் போன எங்கள் ஊரும், ஊசியிலிருந்து புல்லட்டுக்குப் போன அந்த ஊரும் ஒரே ஜாதி. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூர் ஓடிக்கொண்டே இருந்தது. 1977இல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. நாங்கள் பட்டறைக்காரர்கள் அன்றைக்கு எவ்வளவு பெருமிதப்பட்டோம் என்பதைச் சொன்னால் இப்போதுள்ளவர்கள் நம்பமாட்டார்கள். எந்த போல்ட்டு எந்தச் சந்தில் கடைந்தது என்று எங்களுக்குத் தெரியுமே!

அந்த போல்ட்டில்தான் எங்கள் பாடமும் இருந்தது. புல்லட்டின் பல இடங்களில் பழைய பிரிட்டிஷ் சைக்கிள் மரை. அங்குலத்துக்கு 26 பிரி, 60 டிகிரிக் கோணம். ஆலைக்குள் இருந்த வேறு எந்திரங்களில் விட்வொர்த் மரை, அதன் கோணம் 55 டிகிரி. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தெரியாமல் ஒன்றில் மற்றொன்றை முடுக்கினால் முதலில் ஏறும், பிறகு இறுகும், கடைசியில் மரை போய்விடும். பிட்ச் கேஜ் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கற்றுத்தந்தவர் எங்கள் மேஸ்திரி. "தம்பி, கண்ண நம்பாத. வெளிச்சம் ஒழுகுதான்னு பாரு" என்பார். கேஜுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது தப்பான மரை.

இதோடு மெட்ரிக்கும் வந்து சேர்ந்தது. 1956இல் சட்டம் வந்து, 1960களில் நாடே மீட்டர், கிலோவுக்கு மாறியது. வரைபடங்கள் மில்லிமீட்டரில் வரத் தொடங்கின. எங்களிடம் இருந்தவையோ பஞ்சாபின் பட்டாலாவிலிருந்து வந்த மலிவு லேத்துகள். அவற்றின் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு. அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட வேண்டுமென்றால் 127 பல் கொண்ட கியர் ஒன்று தேவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127. வேறெந்தப் பல் எண்ணிக்கையிலும் அந்தக் கணக்கு கச்சிதமாக உட்காராது. நாங்கள் வாங்கிய லேத்துகளோடு அந்தக் கியர் வராது, தனியாக வாங்க விலை அதிகம். எங்கள் தெருவில் அது ஒரு பட்டறையில் மட்டும் இருந்தது. மெட்ரிக் ஆர்டர் யாருக்கு வந்தாலும் அங்கே போய்க் கேட்டு எடுத்துவந்து, வேலை முடிந்ததும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றித் திருப்பித் தருவோம். வாடகை கிடையாது, எழுத்து கிடையாது. ஆர்டருக்குப் போட்டி போடும் பட்டறைகளுக்குள்ளேயே இது நடந்தது.

அந்த ஒரு கியரை வைத்தே எங்கள் தொழில் சமூகம் எப்படி இயங்கியது என்று விளக்கிவிடலாம். ஒருவனிடம் லேத், ஒருவனிடம் மில்லிங், இன்னொருவனிடம் சர்ஃபேஸ் கிரைண்டர், தெருக்கோடியில் வெல்டிங். ஹார்டனிங் செய்ய ஒருவர்தான். எஃகு நெருப்பில் என்ன நிறம் காட்டினால் எண்ணெயில் முக்குவது என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒரு டை, அதாவது அச்சு, செய்ய ஆர்டர் வந்தால் அது நான்கு பட்டறை ஏறி இறங்கித்தான் முடியும். அலாய் ஸ்டீல் வேண்டுமென்றால் ஜார்ஜ் டவுனுக்குப் போக வேண்டும். பிற்காலத்தில் சாத்தங்காட்டு இரும்புச் சந்தை வந்தது. முதல் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் டீக்கடை பெஞ்சில் ஆலை ஆட்களும் பட்டறை ஆட்களும் கலந்து உட்காருவார்கள். உள்ளே எந்த எந்திரத்தில் எந்தப் பாகம் தேய்கிறது, எதற்கு ஆர்டர் வரப்போகிறது என்கிற செய்தி அந்த பெஞ்சில்தான் கைமாறும்.

ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1961இன் அப்ரண்டிஸ் சட்டம்தான் எங்களுக்குக் கதவு திறந்தது. பெரிய ஆலைகள் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். பயிற்சி முடித்தவர்கள் எல்லோருக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வேலை கிடைக்காதவர்கள் மைக்ரோமீட்டர் படிக்கத் தெரிந்த கையோடு தெருவுக்கு வந்தார்கள். மீனவக் குப்பத்துப் பிள்ளை, துறைமுகக் கூலியின் பிள்ளை, நெசவாளி வீட்டுப் பிள்ளை எல்லாம் அதில் உண்டு. தேசியச் சிறுதொழில் கழகம் தவணைக்கு எந்திரம் கொடுத்தது. 1969இல் வங்கிகள் தேசியமயமானபின் எங்களைப் போன்றவர்களும் வங்கி மேனேஜரின் எதிரில் நாற்காலியில் உட்கார முடிந்தது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் என் பட்டறை இல்லை. தனிமனிதத் துணிச்சலை மட்டும் பாராட்டி எழுதுகிறவர்கள் இவற்றை மறக்கக் கூடாது.

கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. உப்புக்காற்றில் லேத்தின் பெட் ஒரே இரவில் செந்தூரம் பூசிக்கொள்ளும். எண்ணெய் போடாமல் கதவை மூடக் கூடாது. துறைமுகச் சுவரால் மணல் ஓட்டம் தடைபட்டு, மெரினாவில் மணல் சேரச் சேர, ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது. கல் கொட்டிக் கொட்டித்தான் மீதியைக் காப்பாற்றினார்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது பணம் வராமல் இருப்பது. நான் வேலை செய்து கொடுத்த ஒரு பெரிய கம்பெனி மாதக்கணக்கில் பில்லைக் கிடப்பில் போட்டதில் என் இரண்டாவது லேத்தை விற்றேன். 45 நாளுக்குள் சிறு தொழிலுக்குப் பணம் தர வேண்டும் என்று 2006இல் சட்டமே வந்தது. சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் யாரும் காட்டுவதில்லை.

1980இல் அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை திறந்தது. அதிலிருந்து வளர்ச்சியின் முகம் ஊரை விட்டு வெளியே திரும்பியது. ராயல் என்ஃபீல்ட் 2013இல் ஒரகடத்துக்கும், அடுத்து வல்லம் வடகாலுக்கும் பெருகியது. கம்பெனிகள் இடம் தேடிப் போவதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒரகடத்தில் கிடைக்கும் பரப்பு இந்தச் சாலையில் கிடையாது. குறை என்னவென்றால், அரசு அங்கெல்லாம் தொழிற்பேட்டைக்கு நிலம், தண்ணீர், மின்சாரம் என்று திட்டம் போட்டபோது, இங்கே ஏற்கெனவே இருந்த பட்டறைத் தெருக்களைத் தொழிற்பேட்டை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. காலியான நிலங்களில் கன்டெய்னர் யார்டு வந்தது. சாலை முழுக்க டிரெய்லர் வரிசை நின்றது. ஒரு டையை ஆட்டோவில் வைத்து மணலிக்குக் கொண்டுபோக அரை நாள் ஆனது. 2012 வாக்கில் மின்வெட்டும் சேர்ந்துகொள்ள, எத்தனையோ பேர் எந்திரத்தை எடைக்குப் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் மிச்சம் இருந்தவர்களைக் காப்பாற்றியது காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் பெருகியிருந்தன. பல படகுகளில் எண்ணூரில் செய்த லேலண்ட் எஞ்சின். புரொப்பெல்லர் ஷாஃப்ட் வளைந்தால், வின்ச் பல் உடைந்தால், புஷ் தேய்ந்தால் இரவோடு இரவாகச் சரிசெய்ய வேண்டும், காலையில் படகு கிளம்பியாக வேண்டும். படகுக்காரர்கள் பேரம் பேசுவார்கள், ஆனால் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பொருளைத் தூக்குவார்கள். மீனவர்களுக்கும் ஆலைகளுக்கும் எப்போதும் சண்டை என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலையும், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு பரவிய எண்ணெயையும் பார்த்தவர்கள் கோபப்படாமல் எப்படி இருப்பார்கள்? அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பட்டறைக்கும் படகுக்கும் நடுவே இருந்தது கொடுக்கல் வாங்கல், நெருங்கிய உறவு. கழிமுகம் செத்தால் படகு நிற்கும், படகு நின்றால் எங்கள் லேத்தும் நிற்கும் என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

இப்போது மறுபடி வடக்கே பார்வை திரும்பியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. 2024இல் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள். சின்ன வாடகையில் மேசை, இணையம், படிக்க இடம். நான் போய்ப் பார்த்தேன். அலுவலகம் எடுக்க வசதியில்லாத பிள்ளைகள் மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்க மனம் நிறைந்தது. இதைப் போல இன்னும் பல வர வேண்டும்.

கூடவே, எங்கள் சாலைக்கு ஏற்ற இன்னொன்றும் வேண்டும். மேசை இருக்கிற இடத்தில் மென்பொருள் எழுதலாம். பொருள் செய்ய வேண்டுமானால் எந்திரமும் அளவுக் கருவியும் வேண்டும். என்னிடம் வேலை கற்ற ஒரு பையன் இன்றைக்கு மணலிப் பக்கம் சி.என்.சி. எந்திரம் வைத்திருக்கிறான். கல்லூரிப் பிள்ளைகள் டிரோனுக்கும் மின்சார வண்டிக்கும் பாகம் கடையச் சொல்லி அவனிடம் வருகிறார்கள். கணினியில் அழகாக வரைந்து கொண்டுவருகிறார்கள். வரைந்ததைக் கடைய முடியுமா, எந்தப் பக்கம் பிடித்துக் கடைவது, எத்தனை மைக்ரான் விட்டுக்கொடுக்கலாம் என்று அவன்தான் சொல்லித் தருகிறான். அவனுக்கே பாகத்தை முப்பரிமாணத்தில் அளந்து சான்று வாங்க வேண்டுமென்றால் அம்பத்தூருக்கோ கிண்டிக்கோ போக வேண்டியிருக்கிறது. கிண்டித் தொழிற்பேட்டையை 1958இல் திறந்த அரசு, அம்பத்தூரில் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டியது. எங்கள் பங்கைக் கேட்க நாங்கள் இப்போதும் தாமதித்துவிடவில்லை.

திருவொற்றியூரில் ஒரு பொது டூல் ரூம் போதும். பெரிய கட்டடம் வேண்டாம். ஓர் அளவுக்கூடம், ஒரு ஹார்டனிங் உலை, ஒயர்கட் எந்திரம் ஒன்று, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இரண்டு சி.என்.சி. லேத். மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்தால் பெண் பிள்ளைகளும் தயங்காமல் வருவார்கள். ரப்பர்ப் பிசிறு வெட்டிய வீடுகளின் பேத்திகள் இப்போது பொறியியல் படிக்கிறார்கள், அவர்களுக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையே என்று யாரும் சொல்ல வேண்டாம். 26 பிரி மரையைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியவர்கள், நெருப்பின் நிறம் பார்த்து எஃகை எடுத்தவர்கள் எழுபது வயதைத் தாண்டி இதே தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலரின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. இடம் ஒதுக்கினார்கள் என்ற செய்தி வந்தால் அன்று மாலையே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரச் சொல்வேன். நானும் போவேன்.